புளித்தண்ணியும் போலாரிட்டியும்

டியூஷனில் வேதிப் பிணைப்பு பாடம் முடிகிற அன்று யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "சார், அப்போ வாசனை வர்றதுக்கும் போலாரிட்டிதான் காரணமா?"

கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதற்கு முந்தின அரைமணி நேரம் பலகை நிறைய அம்புக்குறிதான் போட்டிருப்பேன். ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது, மூலக்கூறு வளைந்திருக்கிறது, அதனால் ஒரு முனை கொஞ்சம் மைனஸ், இன்னொரு முனை கொஞ்சம் பிளஸ். தமிழ்ப் பாடநூலில் முனைவுத்தன்மை, பம்பாயில் எங்கள் செம்பூர்ப் பிள்ளைகளுக்குப் போலாரிட்டி. அளப்பதற்கு டிபை என்று ஓர் அலகு. தண்ணீருக்கு 1.85, அம்மோனியாவுக்கு 1.47, ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு 0.97, மீத்தேனுக்குப் பூஜ்யம்.

இப்போது அந்தப் பிள்ளையின் கணக்கைப் பாருங்கள். அம்மோனியா மூக்கைக் குத்தும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகின முட்டை. மீத்தேனுக்கு ஒரு வாசனையும் கிடையாது. ஆக, முனைவு இருந்தால் வாசனை, இல்லாவிட்டால் இல்லை. பார்க்க அழகான விதி. ஆனால் இரண்டு கேள்விக்குத் தாங்காது. இந்த வரிசையில் எல்லாரையும்விட முனைவு அதிகமான தண்ணீர் ஏன் மணக்கவில்லை? முனைவே இல்லாத பென்சீனுக்கு ஏன் அந்தப் பெட்ரோல் பங்க் வாசனை?

வகுப்பில் இதற்கு நேரம் கிடைப்பதில்லை. அடுத்த பாடம், அடுத்த டெஸ்ட், வெளியே ஸ்கூட்டியில் காத்திருக்கும் பெற்றோர். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். என் கட்சி இதுதான்: ஒரு மூலக்கூறுக்கு என்ன வாசனை என்பதைப் போலாரிட்டி சொல்லாது. அது இருந்த இடத்தை விட்டுக் கிளம்புமா, எதில் தங்கும், மூக்கில் யார் அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதைச் சொல்லும். அதற்குத் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் மூன்றையும் ஒரு சுற்று வந்தாலே போதும்.

மீனில் ஆரம்பிக்கிறேன். ஏனென்றால் இந்தப் பாடத்தை முதலில் நடத்தியது எங்கள் ஆச்சி. பத்தாம் வாய்ப்பாடு தாண்டாதவள். தாராவி கோலியில் (நம்ம ஊர் ஒற்றை அறை வீட்டுக்கு இங்கே அதுதான் பெயர்) வாசல்படியில் உட்கார்ந்து சாளையைக் கழுவும்போது நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பேன். "என்னல, கலெக்டர் மவன் மாதிரி மூக்கப் பொத்திக்கிட்டு நிக்க? அந்தப் புளித்தண்ணிய எடு" என்பாள். புளித்தண்ணியை ஊற்றிப் பிசிறி ஐந்து நிமிஷம் வைத்தால் கவிச்சி பாதி போய்விடும். எங்கே போகிறது? அதுதான் கேள்வி. உண்மையில் எங்கேயும் போவதில்லை.

கடல் மீனின் செல்களுக்குள் ட்ரைமெத்தில் அமின் ஆக்சைடு என்றொரு பொருள் இருக்கிறது. சுற்றிலும் உப்புத் தண்ணீர், உடம்பு நீரை அது உறிஞ்சிவிடாமல் சமன் செய்துகொள்ள மீன் வைத்திருக்கும் சரக்குகளில் இதுவும் ஒன்று. நைட்ரஜன் மேல் ஒரு ஆக்சிஜன் ஒட்டியிருக்கிறது. அதன் முனைவு சுமார் 5 டிபை, அதாவது தண்ணீரைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். இவ்வளவு முனைவுள்ளது தண்ணீரை விட்டு எழுந்து காற்றுக்கு வராது. சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் அதை விடாது. அதனால்தான் அன்று பிடித்த மீன் நாறுவதில்லை. கடல் வாடை அடிக்கும், கவிச்சி அடிக்காது.

மீன் செத்த பிறகு பாக்டீரியா வருகிறது. அதற்கு மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும், காற்றில் கிடைக்காத இடத்தில் இந்த மூலக்கூறிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். மிச்சம் நிற்பது ட்ரைமெத்தில் அமின். ஒரே ஒரு ஆக்சிஜன் போனதில் முனைவு 5-லிருந்து 0.6-க்கு இறங்கிவிடுகிறது. கொதிநிலை 3 டிகிரி செல்சியஸ். பம்பாய் வெயிலில் அது வாயு. மீனின் மேல் நிற்க அதற்குக் காரணமே இல்லை, நேரே நம் மூக்குக்குக் கிளம்பிவிடுகிறது.

இப்போது ஆச்சியின் புளி. புளியில் டார்டாரிக் அமிலம். அமிலம் ஒரு ஹைட்ரஜன் அயனியைக் கொடுக்க, அமின் அதை வாங்கிக்கொண்டு முழு பிளஸ் மின்னேற்றம் பெற்றுவிடுகிறது. முனைவு என்பது அரைகுறை மின்னேற்றம், இது முழு மின்னேற்றம். தண்ணீர் அதைச் சுற்றிக் கட்டிப்போட்டுவிடும். கவிச்சி அங்கேயேதான் இருக்கிறது, எழுந்து வர முடியவில்லை, அவ்வளவுதான். பிறகு தண்ணீரை வடித்துக் கொட்டினால் அதோடு போய்விடும். எலுமிச்சம்பழமும் மோரும் செய்வது இதே வேலை.

வேதியியல் படித்தவர்கள் இங்கே ஒரு குறுக்குக் கேள்வி கேட்கலாம். அமின் கொஞ்சம் காரத்தன்மை உள்ளது, சாதாரணத் தண்ணீரிலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் மின்னேற்றம் பெற்றுத்தானே இருக்கும், புளிக்கு என்ன வேலை மிச்சம்? சரிதான். ஆனால் அந்த மிச்சமே மூக்குக்குப் போதும், காற்றில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவில்கூட நாம் மோப்பம் பிடித்துவிடுகிற சாமான் அது. பி.எச். ஓர் எண் இறங்கும்போதெல்லாம் அந்த மிச்சம் பத்தில் ஒரு பங்காகும். 7-லிருந்து புளித்தண்ணியின் 3 பக்கம் இறங்கினால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆச்சியின் கை மணம் என்று நாங்கள் சொன்னதில் பாதி இதுதான்.

இதைத் திருப்பிப் போட்டும் பார்க்கலாம். மீன் சாப்பிட்ட கையில் பார் சோப்பைத் தேய்த்த முதல் நொடியில் கவிச்சி தூக்கலாக வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? சோப்பு காரம். கட்டிப்போட்டிருந்த அமினிடமிருந்து ஹைட்ரஜனைப் பறித்து அவிழ்த்துவிடுகிறது. நுரையோடு கழுவிப் போவதற்கு முன்னால் கொஞ்சம் மேலே வந்துவிடும். முதலில் எலுமிச்சைத் தோல், அப்புறம் சோப்பு. இந்த வரிசைதான் சரி.

(கெண்டை, கட்லா போன்ற நன்னீர் மீன்களில் அந்த ஆக்சைடு ரொம்பக் குறைவு. அவற்றின் சேற்று வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற வேறொரு பொருள். ஜூன் மாதம் முதல் மழைக்கு நாம் ஜன்னலைத் திறந்து 'ஆஹா, மண்வாசனை' என்று இழுக்கிறோமே, அதிலும் முக்கியமான பங்கு இதே ஜியோஸ்மினுக்குத்தான். தண்ணீரில் லட்சம் கோடியில் ஐந்தாறு பங்கு இருந்தாலே தெரிந்துவிடும். மழையில் வந்தால் கவிதை, கட்லாவில் வந்தால் சண்டை.)

மூக்குக்குள் நுழைந்தபின் என்ன ஆகிறது? உள்ளே மேல்பக்கம் ஈரமான சளிப்படலம், பெரும்பாலும் தண்ணீர். அதற்கடியில் நரம்பு செல்களின் இழைகள், அவற்றின் கொழுப்புச் சுவரில் பதிந்திருக்கும் ஏற்பிகள். மனிதருக்குச் சுமார் 400 வகை. இந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை 1991-இல் லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் கண்டுபிடித்தார்கள், 2004-இல் நோபல் கிடைத்தது. அமின்களுக்கென்றே தனியாக ஒரு சிறு குடும்பம் இருப்பதைப் பின்னால் 2006-இல் லிபர்லெஸும் பக்கும் சொன்னார்கள். அதில் ஒன்று நம் மீன் கவிச்சிக்கானது. ஐஸ்லாந்தில் சிலருக்கு இந்த ஏற்பியின் மரபணு மாறியிருக்கிறது. அவர்களுக்கு மீன் நாற்றம் அவ்வளவாக உறைப்பதில்லை என்று 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. எங்கள் சொந்தத்திலும் அப்படி இரண்டு பேர் இருக்கவேண்டும், பெயர் சொல்ல மாட்டேன்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. மின்னேற்றத்தை உதறியதால்தான் அமின் காற்றில் ஏறி வந்தது. மூக்கின் ஈரத்தில் விழுந்ததும் மறுபடி ஹைட்ரஜனை வாங்கி பிளஸ் ஆகிவிடுகிறது. அந்த ஏற்பியின் குழிக்குள் ஒரு மைனஸ் மின்னேற்றம் அதற்காகக் காத்திருக்கிறது. வருவதற்கு முனைவு இருக்கக் கூடாது, பிடிபடுவதற்கு வேண்டும். இதன் மறுபக்கத்தையும் பார்த்துவிட்டார்கள். 2023-இல் ஆசிஷ் மங்லிக்கின் கலிஃபோர்னியா குழு மனித வாசனை ஏற்பி ஒன்றின் முப்பரிமாண அமைப்பை முதன்முதலாக நேச்சர் இதழில் வெளியிட்டது. சீஸ் வாடையுள்ள புரோப்பியோனிக் அமிலம் மைனஸாக உள்ளே உட்கார்ந்திருக்க, ஏற்பியின் பிளஸ் முனை ஒன்று அதைப் பிடித்திருக்கிறது. 'போலாரிட்டியா காரணம்' என்று கேட்கிற பிள்ளைக்கு ஆமாம், இல்லை இரண்டையும் ஏன் சொல்லவேண்டியிருக்கிறது என்று இப்போது தெரியும்.

தாராவிக்கு வருவோம். இப்போது அந்தப் பெயரைக் கேட்டால் எல்லாரும் மறுவளர்ச்சித் திட்டம் பேசுகிறார்கள். எங்கள் தாத்தா காலத்தில் தாராவி என்றால் தோல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம்களும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்களும் இங்கே தோல் கிடங்குகளுக்கு வந்தார்கள். பாந்த்ராவில் இறைச்சிக்கூடம், பக்கத்தில் கழிமுகம், கழுவிவிட வசதி. 1970-களின் தொடக்கத்தில் இறைச்சிக்கூடம் தேவ்னாருக்குப் போனது. பதனிடும் வேலையும் மெல்லக் குறைந்து, இன்று சென்னையிலிருந்தும் கான்பூரிலிருந்தும் வரும் பதனிட்ட தோலில் பை, பெல்ட், பர்ஸ் தைப்பதுதான் முக்கியமான தொழில். சயான்-பாந்த்ரா சாலையில் வரிசையாகக் கடைகள். அங்கே நிற்கும்போது வருவது பதனிட்ட தோலின் வாசனை, நல்ல வாசனை. தாத்தா வேஷ்டியில் வந்த வாசனை வேறு.

தோல் பதனிடுவதில் முதல் பெரிய வேலை மயிர் உதிர்ப்பது. சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த குழியில் ஊறப்போடுவார்கள். பி.எச். 12 பக்கம் இருக்கும், கடும் காரம். அங்கே சல்ஃபைடு மைனஸ் அயனியாக நீரில் கரைந்து கிடக்கும். குழியருகே நின்றால் வாடை இருக்கும்தான், ஆனால் உள்ளே இருக்கும் கந்தகத்தோடு ஒப்பிட்டால் வெளியே வருவது சொற்பம். அடுத்து அம்மோனியம் உப்பு போட்டுச் சுண்ணாம்பை எடுப்பார்கள். காரத்தில் பட்டதும் அம்மோனியம் தன் ஹைட்ரஜனை விட்டு அம்மோனியாவாக எழும்பும். தாத்தாவின் கண் எப்போதும் சிவந்திருந்ததற்கு ஆச்சி வேறு காரணம் சொல்வாள். எனக்கு அம்மோனியா மேல்தான் சந்தேகம். அதற்கும் பிறகு தோலை உப்பும் கந்தக அமிலமும் கலந்த தொட்டியில் போடுவார்கள், குரோம் ஏற்றுவதற்கு முன்னேற்பாடு.

ஆபத்து தொட்டிகளில் இருப்பதைவிட சாக்கடையில் அதிகம். முதல் குழியின் கழிவும் கடைசித் தொட்டியின் கழிவும் ஒரே வாய்க்காலில் சந்தித்தால், கட்டுண்டிருந்த சல்ஃபைடு அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு மின்னேற்றத்தை இழந்து ஹைட்ரஜன் சல்ஃபைடாகக் குபீரென்று வெளியேறும். புளி அமினைக் கட்டியது. இங்கே அமிலம் சல்ஃபைடை அவிழ்த்துவிடுகிறது. அமின் ஹைட்ரஜனை வாங்கினால் மின்னேற்றம் வரும், சல்ஃபைடு வாங்கினால் மின்னேற்றம் போகும். பரீட்சையில் கேட்கவேண்டிய கேள்வி இது. கேட்கமாட்டார்கள்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு தண்ணீரின் தம்பி மாதிரி, ஆக்சிஜன் இருந்த இடத்தில் கந்தகம், அதே வளைவு. ஆனால் முனைவு பாதிதான், ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளவும் தெரியாது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்க, இது மைனஸ் 60-லேயே கொதித்துவிடும். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரியும். பிரச்சினை அதற்கு மேலே. பத்து லட்சத்தில் சுமார் 100 பங்கு சேர்ந்ததும் மோப்ப நரம்பு மரத்துப்போகும், வாடை நின்றுவிடும். வாடை போய்விட்டது என்று இறங்குகிறவர் இன்னும் அதிகமான நச்சுக்குள் இறங்குகிறார். சாக்கடைக் குழியிலும் மலக்குழியிலும் ஒருவர் விழ, தூக்கப்போன இன்னொருவரும் விழுந்து செத்த செய்தியைப் படிக்கிறோமே, அதில் பலதடவை குற்றவாளி இந்த வாயுதான். மனிதரை இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. இறக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மாஹிம் கழிமுகத்தில் தண்ணீர் வற்றும் நேரத்தில் ரயில் போகும்போது பெட்டியே மூக்கைப் பொத்துமே, அதுவும் இதுதான். கடல்நீரில் சல்ஃபேட் ஏராளம். சல்ஃபேட்டுக்கு வாசனை கிடையாது, நாலு ஆக்சிஜன் ஒட்டிய முழு அயனி, நீரை விட்டு அசையாது. காற்றில்லாத சேற்றில் பாக்டீரியா அந்த ஆக்சிஜனைப் பிடுங்குகிறது, மிச்சம் சல்ஃபைடு. மீனில் நடந்ததும் இதேதான் என்று கவனித்திருப்பீர்கள். ஆக்சிஜன் ஒட்டியிருக்கும்வரை அமைதி, பிடுங்கினால் ஊர் நாறும்.

மூக்கை நல்ல இடத்துக்குக் கொண்டுபோகலாம். மாட்டுங்கா ஸ்டேஷனிலிருந்து கிழக்குப் பக்கம் இறங்கி நடந்தால் பூக்கடைகள், கோயில், காப்பிப் பொடி அரைக்கும் கடைகள், வரிசையாக ஓட்டல்கள். மைசூர் கன்சர்ன்ஸ் வாசலில் பொடி வாங்காமலே நின்றிருக்கிறேன். வறுத்த காப்பிக்கு அந்த மணம் தருகிற முக்கியமான பொருள்களில் ஒன்று ஃபர்ஃபுரில் தயால். இதிலும் கந்தகம்தான். சுவிட்சர்லாந்தில் ஸ்டாடிங்கரும் ரைக்ஸ்டீனும் 1920-களிலேயே இதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். பின்னால் இருவரும் நோபல் வாங்கியது வேறு வேறு வேலைகளுக்கு. தண்ணீரில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே தெரியும் சாமான். டிகாக்ஷனை இறக்கும்போது வீடே மணப்பதும், பாலை ஊற்றியதும் மணம் பதுங்குவதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பாலில் கொழுப்பு இருக்கிறது. காப்பியின் மணப்பொருள்களில் முனைவு குறைந்தவற்றுக்குத் தண்ணீரைவிடக் கொழுப்பு தோது, அங்கேயே தங்கிவிடுகின்றன. கெட்டிப் பால் காப்பி வாய்க்குத்தான் விருந்து, மூக்குக்கு டிகாக்ஷன். இதில் என்னோடு சண்டை போடுபவர்கள் உண்டு.

பெருங்காயத்தை யாரும் தண்ணீரில் தாளிப்பதில்லை. அதன் கந்தகச் சேர்மங்கள் எண்ணெய்ப் பிரியர்கள். எண்ணெயில் பொரித்தால் குழம்பு முழுக்கப் பரவும், பெட்டியின் மூடியைத் திறந்து வைத்தால் அலமாரி முழுக்கப் பரவும். மல்லிகைப்பூவை ஃப்ரிட்ஜில் வைத்தால் தண்ணீர் பாட்டில் தப்பிவிடும், வெண்ணெய் தப்பாது. இந்த உண்மையை வைத்துத்தான் பழைய காலத்தில் எள்ளையும் மல்லிகையையும் அடுக்கடுக்காகப் பரப்பி, பூவை மாற்றி மாற்றி, கடைசியில் எள்ளை ஆட்டி மல்லிகை எண்ணெய் எடுத்தார்கள். கன்னோஜில் மண் அத்தருக்கும் அதே தந்திரம், அங்கே பிடித்து வைப்பது சந்தன எண்ணெய்.

அந்த மல்லிகையில்தான் இந்தப் பாடத்தின் எல்லையும் தெரிகிறது. மல்லிகை மணத்தில் பென்சைல் அசிடேட், லினலூல் இவற்றோடு இண்டோல் என்ற பொருளும் உண்டு. மலத்திலும் அதே இண்டோல் உண்டு. அதே மூலக்கூறு, அதே முனைவு. ஒரு சிட்டிகை அளவில் பூ, குவிந்தால் கக்கூஸ். சாயந்திரம் வாங்கிய பூ மறுநாள் காலையில் ஒரு மாதிரி வாடை அடிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம், நினைக்காமலும் இருக்கலாம்.

இன்னும் உறுதியான சாட்சி கார்வோன். இதில் வலக்கை, இடக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்கள். ஒன்று புதினா வகையில் ஸ்பியர்மின்ட் வாசனை. இன்னொன்று சதகுப்பை விதை வாசனை. கொதிநிலை ஒன்று, முனைவு ஒன்று, எண்ணெயில் கரையும் அளவு ஒன்று. எந்தக் கருவியில் போலாரிட்டியை அளந்தாலும் வித்தியாசம் தெரியாது, மூக்குக்கு உடனே தெரிந்துவிடுகிறது. சுத்திகரிப்பில் கலந்த அழுக்கோ என்ற சந்தேகத்தை 1971-இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரைகள் தீர்த்துவைத்தன. ஏற்பியின் குழிக்கு வடிவம் இருக்கிறது, இடக்கை உறையில் வலக்கை நுழையாது. என்ன வாசனை என்ற கேள்வி அங்கேதான் தீர்மானமாகிறது. போலாரிட்டியின் அதிகாரம் வாசல்வரைதான்.

(மாட்டுங்காவைத் தாண்டுவதற்கு முன் ஒரு பெருமை. 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய வேதித் தொழில்நுட்பத் துறை, பழைய ஆட்களுக்கு யுடிசிடி, இப்போது ஐசிடி, இங்கேதான் இருக்கிறது. அதன் முதல் இந்திய இயக்குநர் சென்னையில் பிறந்த கே. வெங்கடராமன், 1938 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள். சாய வேதியியல்காரர். உலகம் முழுக்கப் பாடநூலில் பேக்கர்-வெங்கடராமன் மறுசீரமைப்பு என்று இருப்பது அவர் பெயர்தான். மாட்டுங்காவில் இட்லி சாப்பிட வருகிற தமிழர்களில் எத்தனை பேர் அந்த வாசலைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள் என்று எனக்கு ஒரு குறை.)

செம்பூருக்கு வந்துவிட்டோம். 2019 செப்டம்பர் 19 ராத்திரி இங்கே இருந்தவர்களுக்கு மறக்காது. செம்பூர், காட்கோபர், மான்குர்த், பவாய் என்று எங்கெங்கோ கேஸ் வாடை. பில்டிங் வாட்ஸாப் குழுவில் "உங்க வீட்லயா, எங்க வீட்லயா" என்று ஆரம்பித்து, மாடி மாடியாகச் சிலிண்டர் அணைத்து, குழந்தைகளோடு கீழே இறங்கி நின்றோம். தீயணைப்பு வண்டிகள் அலைந்தன. மகாநகர் கேஸ் தங்கள் குழாயில் கசிவில்லை என்றது. மறு வருஷம் ஜூனில் மறுபடியும் அப்படியொரு ராத்திரி.

சமையல் வாயுவுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. புரொப்பேனும் பியூட்டேனும் கிட்டத்தட்ட முனைவே இல்லாதவை. வாசனைக்காகச் சேர்ப்பது எத்தில் மெர்கேப்டன். 1937 மார்ச் 18-இல் டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளியில் வாசனையற்ற இயற்கை வாயு கசிந்து வெடித்துச் சுமார் 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், செத்த பிறகுதான் வாயுவுக்கு நாற்றம் சேர்ப்பது அங்கே கட்டாயமானது. இந்த மெர்கேப்டன் சாராயத்தின் பங்காளி, எத்தனாலில் ஆக்சிஜனை எடுத்துக் கந்தகத்தை வைத்தால் இது. இரண்டின் முனைவும் அருகருகேதான். ஆனால் எத்தனால் 78 டிகிரியில் கொதிக்க, மெர்கேப்டன் 35-லேயே கொதிக்கும். முனைவு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்கிற பிள்ளைகள் தடுமாறும் இடம் இது. எத்தனாலின் ஹைட்ரஜன் பக்கத்து ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும், கந்தகத்துக்கு அந்தப் பிடி இல்லை. அதனால் சும்மா எழும்பிப் போய்விடும். மெர்கேப்டன் குடும்பத்தில் யார் காற்றில் கலந்தாலும், எங்கிருந்து வந்தாலும், நம் மூக்குக்கு அது 'கேஸ்' தான். சிலிண்டரைத் தேடி ஓடுவோம்.

மெர்கேப்டன் நல்ல காவல்காரன். நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான அளவிலேயே கூச்சல் போடும், அந்த அளவில் ஒரு தீங்கும் செய்யாது. மாஹுலில் நிலைமை தலைகீழ். செம்பூரின் கிழக்கு ஓரத்தில் சுத்திகரிப்பு ஆலைகள், ரசாயனச் சேமிப்புத் தொட்டிகள், அவற்றை ஒட்டி மீனவக் கிராமம், பிறகு தான்சா குடிநீர்க் குழாய்ப் பாதையிலிருந்து அப்புறப்படுத்திக் கொண்டுவந்து குடியேற்றிய குடும்பங்கள். அங்கே குடியிருக்க யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடுங்கள் என்று உயர் நீதிமன்றம் மாநகராட்சியிடம் சொன்னதும் அதே 2019 செப்டம்பரில்தான்.

அங்கே கவலை பென்சீன், டொலுவீன், சைலீன். முனைவு இல்லாத அல்லது மிகக் குறைந்த, எளிதில் ஆவியாகும் ஹைட்ரோகார்பன்கள். லாரியில், கப்பலில் ஏற்றும்போது தொட்டியில் இருந்த ஆவியை உள்ளே வரும் திரவம் வெளியே தள்ளும். பென்சீன் மூக்குக்குத் தெரியவேண்டுமானால் காற்றில் பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு பங்காவது வேண்டும். இந்தியாவின் காற்றுத் தர வரம்பு ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், அதாவது நூறு கோடியில் ஒன்றரைப் பங்கு. இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. பென்சீன் ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். மாஹுலில் வாடை அடிக்கிறது என்று மக்கள் சொன்னால் அது உண்மை. வாடை அடிக்காத நாளில் எல்லாம் சரி என்று அதிகாரி சொன்னால் அதற்கு அர்த்தமில்லை, அதற்குக் கருவி வேண்டும். கிராமத்தார் தொடுத்த வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஆகஸ்டில் அங்குள்ள நான்கு நிறுவனங்களுக்குமாகச் சேர்த்து 286 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. காரணமாகச் சொன்னது இந்த ஆவிகளைத்தான்.

அந்த ஆவியைப் பிடிக்கும் வழியும் போலாரிட்டிதான். ஏற்றுமிடத்தில் வெளிவரும் காற்றை ஒரு படுகை வழியாகச் செலுத்தவேண்டும். புது ஷூ டப்பாவில் வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதை நிரப்பினால் பம்பாயின் ஈரக்காற்றில் வேலைக்கு ஆகாது. சிலிக்கா முனைவுள்ளது, முதலில் வருகிற நீராவியை வாங்கி வயிற்றை நிரப்பிக்கொண்டு பென்சீனை விட்டுவிடும். அதனால் போடுவது கிளர்வூட்டிய கரி. முனைவற்ற பரப்பு, தண்ணீரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் பென்சீனைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நிரம்பியதும் காற்றழுத்தத்தைக் குறைத்து உறிஞ்சித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வருஷம் அந்தக் கேள்வி வரும்போது பலகையில் வரையப்போவது இந்தக் கரிப் படுகையைத்தான்.